பழைய பெட்டிக்கும் புது கேம்

ஃபிஃபா 14 கால்பந்து கேம் 2013 செப்டம்பரில் வந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு ஒரு பதிப்பு, இரண்டே மாதத்தில் கடைக்கு வரவிருந்த பிளேஸ்டேஷன் 4-க்கு ஒரு பதிப்பு. அதோடு விட்டிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 2000-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2-க்கும் அதே பெயரில் ஒரு டிஸ்க் போட்டது இஏ நிறுவனம். பிஎஸ்2 தயாரிப்பை சோனி அதற்குள் நிறுத்தியே விட்டிருந்தது. ஒரே கேம், மூன்று தலைமுறை.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-ல் வெளிவந்தது. கன்சோலுக்காக முழுக்க முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் கேம் என்று அதைச் சொன்னார்கள். அதுவும் பிஎஸ்2-க்குத்தான் வந்தது. பிஎஸ்3 இந்தியாவில் விற்பனைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் வீடுகளில் இருந்தது பழைய பெட்டிதான். கேமை யாருக்கு விற்பது?

புது கன்சோல் வந்தவுடன் கேம் தயாரிப்பவர்கள் எல்லோரும் அதற்குத் தாவிவிடுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். விளம்பரங்களும் அப்படித்தான் காட்டும். நடப்பு வேறு. பிஎஸ்5-ம், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் ஆகியவையும் 2020 நவம்பரில் வந்தன. ஐந்து ஆண்டு கழித்து, 2025 நவம்பரில் வெளியான ‘கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 7’, 2013-ன் பிஎஸ்4-லும் ஓடுகிறது. அதே ஆண்டு வந்த இஏ கால்பந்து கேமும் அப்படித்தான். பன்னிரண்டு வயதான ஒரு பெட்டியைக் கைவிட ஏன் இவ்வளவு தயக்கம்?

முதல் காரணம் தலைக்கணக்கு. புது கன்சோல் கடைக்கு வரும் நாளன்று அதை வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. பழையதோ ஊரெல்லாம் இருக்கிறது. பிஎஸ்5 வந்தபோது பிஎஸ்4 உலகம் முழுக்க 11 கோடிக்கு மேல் விற்றிருந்தது. கேம் நிறுவனம் விற்பது பெட்டியை அல்ல, பெட்டியில் ஓடும் சரக்கை. எத்தனை வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதே அதன் சந்தை.

இரண்டாவது காரணம் செலவு. இந்தத் தொழிலில் பட்ஜெட்டை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். 2023-ல் ஒரு தற்செயலால் அது தெரியவந்தது. ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பாக அமெரிக்காவில் வழக்கு நடந்தபோது, சோனி தரப்பு தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் ரகசிய எண்களை மார்க்கர் பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் மைக்கு அடியில் எழுத்து பளிச்சென்று தெரிந்துவிட்டது! ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ கேமுக்கு 22 கோடி டாலர். ‘ஹொரைசன்: ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 21.2 கோடி டாலர், 300 பேர், ஐந்து ஆண்டு உழைப்பு.

இந்த இரண்டாவது கேமை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு பிரதி 70 டாலர் என்றால், கடைக்காரர் பங்கு, வரி, விளம்பரச் செலவு எதையுமே கழிக்காமல் பார்த்தாலும், போட்ட பணம் திரும்ப 30 லட்சம் பிரதி விற்க வேண்டும். கழிக்க வேண்டியதைக் கழித்தால் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். அந்த கேம் வந்த 2022 பிப்ரவரியில் உலகம் முழுக்க விற்றிருந்த பிஎஸ்5 இரண்டு கோடிகூட இல்லை. அதை மட்டும் நம்பி இறங்கினால், கன்சோல் வைத்திருப்பவர்களில் ஆறில் ஒருவராவது இந்த ஒரு கேமை வாங்கியாக வேண்டும். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். அது பிஎஸ்4-லும் வந்தது.

இந்தத் தலைமுறைக்கென்றே அமைந்த இரண்டு இடைஞ்சல்களும் உண்டு. ஒன்று சிப் பஞ்சம். கோவிட் காலத்தில் பிறந்த கன்சோல் என்பதால், பணம் வைத்திருந்தவர்களுக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் பெட்டி கிடைக்கவில்லை. தட்டுப்பாடு தீர்ந்தது என்று சோனி அறிவித்தது 2023 ஜனவரியில்தான். மற்றொன்று விலை. கன்சோல் விலை வருடம் ஏற ஏற இறங்கும் என்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்த பிஎஸ்4, மூன்றே ஆண்டில் 299-க்கு இறங்கியது. அப்படி இறங்கும்போதுதான் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும். பிஎஸ்5 தலைகீழ். 499 டாலருக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் 549 ஆனது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது, அடுத்த ஆண்டு நவம்பரில் 54,990-க்கு ஏறியது. காத்திருந்தவனுக்குத் தண்டனை! இதன் விளைவு 2024 மே மாதம் சோனி முதலீட்டாளர்களுக்குக் காட்டிய கணக்கில் தெரிந்தது. மாதந்தோறும் விளையாடுபவர்களில் பிஎஸ்4 ஆட்களும் பிஎஸ்5 ஆட்களும் ஏறத்தாழ சரிபாதி. அப்போது பிஎஸ்5-க்கு மூன்றரை வயது.

இதெல்லாம் பணக் கணக்கு. இதற்கு முந்தைய காலத்தில் தாமதத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைப் பார்த்தால்தான் இன்றைய தாமதம் எவ்வளவு விசித்திரமானது என்று புரியும்.

பழைய கன்சோல்கள் ஒவ்வொன்றும் தனி மொழி பேசின. உச்சக்கட்டம் 2006-ல் வந்த பிஎஸ்3. அதன் செல் சிப்பில் ஒரு முக்கிய மூளை, அதைச் சுற்றி எடுபிடி போல எட்டுச் சிறு மூளைகள். எட்டில் ஒன்று தயாரிப்பிலேயே அணைக்கப்பட்டது, இன்னொன்று கன்சோலின் சொந்த வேலைக்குப் போனது, மீதி ஆறுதான் கேமுக்கு. ஒவ்வொன்றுக்கும் இருந்த நினைவகம் 256 கிலோபைட். கேமின் வேலைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தச் சின்ன அறைக்குள் அடங்குமாறு அனுப்பி, முடிந்ததை வாங்கி, மறுபடி ஒட்ட வேண்டும். அதே காலத்து எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஒழுங்காக ஓடிய பல கேம்கள் இதில் திணறின. 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ பிஎஸ்3-ல் பட்ட பாடு பிரசித்தம். ஆட்டம் நீள நீள, சேமித்த கோப்பு பெரிதாகப் பெரிதாக, திரை நொண்டியடிக்கும்.

பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டையும் வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஓர் உரையில் இதற்கு ஓர் அளவுகோல் காட்டினார். முப்பரிமாணக் காட்சி எதுவாக இருந்தாலும் கடைசியில் அது முக்கோணங்களின் கூட்டம். ஒரு கேம் குழுவின் கையில் புது கன்சோலைக் கொடுத்தால், திரையில் முதல் முக்கோணத்தை வரவழைத்து வேலை சூடுபிடிக்க எவ்வளவு காலம் ஆகிறது? முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றிரண்டு மாதம். பிஎஸ்2-ல் மூன்று முதல் ஆறு மாதம். பிஎஸ்3-ல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பிஎஸ்4-ல் மறுபடி ஒன்றிரண்டு மாதம். பிஎஸ்5-ல் ஒரு மாதத்துக்கும் குறைவு.

அப்படியானால் இந்த முறை மாற்றம் வேகமாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? கற்றுக்கொள்ள எளிதான கன்சோல் வந்திருக்கிறது, ஆனால் பழையதை விடுவதோ நத்தை வேகத்தில். நான் பார்க்கிற வரையில் அந்த எளிமைதான் இழுத்தடிப்புக்கும் காரணம். பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் ஒரே குடும்பம். இரண்டிலும் ஏஎம்டி சிப், இரண்டும் நம் வீட்டுக் கணினி பேசும் அதே மொழியைப் பேசுபவை. பிஎஸ்4 கேம்களில் கிட்டத்தட்ட எல்லாம் பிஎஸ்5-ல் அப்படியே ஓடும். ஆகவே ஒரே நிரலை எழுதி, இரண்டுக்கும் தனித்தனியாகச் சீர்செய்து வெளியிட முடிகிறது. பிஎஸ்3 காலத்தில் பழையதையும் இழுத்துக்கொண்டு போவதென்றால் ஏறக்குறைய இன்னொரு கேம் செய்கிற செலவு. இப்போது கூடுதலாகக் கொஞ்சம் செலவழித்தால் கோடிக்கணக்கான வீடுகள் வாடிக்கையாளர்களாகக் கிடைக்கின்றன. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தமிழ் சினிமா ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய காலம் நினைவிருக்கலாம். சில ஆண்டுகள் ஒரே படத்துக்குச் சில தியேட்டருக்கு ஃபிலிம் பிரிண்ட், சில தியேட்டருக்கு க்யூப் என்று இரண்டும் போயின. ஆனால் அங்கே படம் ஒன்றுதான், திரையிடும் வழி மட்டும் வேறு. பழைய புரொஜக்டருக்காக எந்த இயக்குநரும் சண்டைக் காட்சியில் ஆளைக் குறைக்கவில்லை. கேமில் குறைக்க வேண்டியிருக்கிறது.

எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. படத்தின் துல்லியம், நிழலின் மென்மை, புல்லின் அடர்த்தி போன்றவற்றைப் பழைய கன்சோலுக்காகக் குறைப்பது எளிது. 4கே படத்தை அதில் பாதிக்கும் கீழே இறக்கினாலும் கேம் அதே கேம்தான். ஆனால் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எதிரி எவ்வளவு யோசிக்கிறான், நாயகன் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பவை கேமின் எலும்புக்கூடு. அவற்றைத் தீர்மானிப்பவை பிராசஸரும் டிஸ்க்கும். பிஎஸ்4-ல் இருந்தது மலிவு லேப்டாப்களுக்காக உருவான ஜாகுவார் பிராசஸர், அது வந்த நாளிலேயே நோஞ்சான். டிஸ்க்கோ சுழலும் ஹார்ட் டிஸ்க்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு சிறு கை முன்னும் பின்னும் போய்த் தகவலைத் தேடி எடுக்கிறது. தேவையான தகவல் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் கை அலைந்தே நேரம் போய்விடும். 2018-ல் வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ கேமில் நீங்கள் நியூயார்க் நகரத்தின் மேல் வலை வீசித் தாவுகிறீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் அடுத்த தெரு தயாராக இருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் தேவையான அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அடுத்தடுத்து வைத்தார்கள். தபால் பெட்டி எந்தத் தெருவில் வந்தாலும் அந்தத் தெருவின் மூட்டைக்குள் அதற்கு ஒரு நகல். இப்படிச் சில தகவல்கள் டிஸ்க்கில் 400 தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன என்று செர்னி அதே உரையில் சொன்னார். கேம் ஏன் உங்கள் கன்சோலில் இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்குப் பாதி விடை இது.

வேகத்தில் உள்ள வித்தியாசத்தையும் அவரே சொன்னார். பிஎஸ்4-ல் ஒரு ஜிகாபைட் ஏற்ற 20 நொடி. பிஎஸ்5-ல் இருக்கும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் இரண்டு ஜிகாபைட் ஏற்றக் கால் நொடிக்குச் சற்று மேல். இதை வெறும் காத்திருப்பு நேரமாகப் பார்த்துவிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்பதால், பிஎஸ்4 கேம் அடுத்த அரை நிமிடத்தில் உங்களுக்கு எதெல்லாம் தேவைப்படலாமோ அதையெல்லாம் முன்கூட்டியே நினைவகத்தில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டி இருந்தால் அடுத்த ஒரு நொடிக்கானது போதும், மீதி இடம் முழுக்க இப்போது கண்முன் தெரியும் காட்சிக்கே.

‘காட் ஆஃப் வார்’ கேம் ஆடியவர்களுக்கு இன்னொன்று தெரியும். க்ராட்டோஸ் மாதிரி ஒரு மலை போன்ற ஆள், பாறை இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து, தோளை ஒடுக்கி, மூச்சைப் பிடித்து நகர்வார். அழகான காட்சிதான். பெரும்பாலும் அந்த நேரத்தில் பின்னணியில் அடுத்த இடம் ஏறிக்கொண்டிருக்கும். மெதுவான லிஃப்ட், வளைந்து வளைந்து போகும் தாழ்வாரம், மெல்லத் திறக்கும் கனமான கதவு எல்லாம் இதே தந்திரத்தின் வேறு வேஷங்கள். அதன் தொடர்ச்சியாக 2022-ல் வந்த ‘ரக்னராக்’ பிஎஸ்4-க்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. பிஎஸ்5-ல் ஆடினாலும் க்ராட்டோஸ் இடுக்கில் நெளிகிறார். புதுப் பெட்டிக்கு அது தேவையில்லை, கேமுக்குத் தேவை.

இந்த இழுபறியில் மோசமாக மாட்டிக்கொண்டது ‘சைபர்பங்க் 2077’. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் அதை 2020 டிசம்பர் 10-ல் வெளியிட்டது. கணினியில் அசத்திய அந்த கேமின் நைட் சிட்டி நகரம், பிஎஸ்4-ல் பாதி வரைந்த படம் போல வந்தது. சுவர்கள் மெழுகாகத் தெரிந்தன, சாலையில் வண்டிகள் தாமதமாக முளைத்தன, கேம் அடிக்கடி நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில், அப்போதும் சாதாரண பிஎஸ்4-ல் ஆட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டபோது சொன்ன தொழில்நுட்பக் காரணம் நாம் மேலே பார்த்ததேதான். அவ்வளவு நெருக்கமான நகரத்தைப் பழைய டிஸ்க்கின் வேகத்தில் இறக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் அத்தியாயம் வந்தபோது பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டையும் கழற்றிவிட்டார்கள்.

இது புதிய கதை அல்ல. 2014-ன் ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமின் உயிரே, உங்களைக் கொன்ற எதிரி உங்களை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பார்க்கும்போது அதைச் சொல்லிக் காட்டுவதுதான். அதை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து பிஎஸ்3-க்கு இறக்கினார்கள். எதிரிகளின் அந்த ஞாபகசக்தியை வெட்ட வேண்டியிருந்தது. பெயர் அதே, கேம் வேறு.

இந்த விஷயத்தில் நிறுவனங்களின் பேச்சையும் செயலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது வேடிக்கை. பிஎஸ்5 வருவதற்கு முன், தலைமுறை என்றால் தலைமுறைதான், புது கன்சோலின் திறமை புது கன்சோலில் மட்டும் கிடைக்கும் என்ற தொனியில் பேசினார் அப்போதைய சோனி இன்டராக்டிவ் தலைவர் ஜிம் ரையன். அது 2020 மே. அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஃபர்பிடன் வெஸ்ட்’ பிஎஸ்4-க்கும் வரும் என்று அறிவிப்பு. மறு ஆண்டு, பிஎஸ்4 பதிப்பு வாங்கினால் பிஎஸ்5 பதிப்பு இலவசமாகக் கிடைக்காது என்று சொல்லப்போய், ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் அந்த கேமுக்கு மட்டும் இலவசம், இனி வருபவற்றுக்குப் பத்து டாலர் என்று இறங்கி வந்தார்கள். மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் முதலிலேயே சொல்லிவிட்டது, ஓரிரு ஆண்டுக்குப் பழையதற்கும் சேர்த்துத்தான் செய்வோம் என்று. ‘ஹேலோ இன்ஃபினிட்’ அப்படித்தான் வந்தது.

ஆனால் மைக்ரோசாஃப்டுக்கு வேறொரு தலைவலி, அதுவும் சொந்தச் செலவில். புதுத் தலைமுறையிலேயே வலுவான சீரீஸ் எக்ஸ், மலிவான சீரீஸ் எஸ் என்று இரண்டு வைத்தது. பெரியதில் நினைவகம் 16 ஜிபி, சின்னதில் 10. எந்த கேமும் இரண்டிலும் அதே வசதிகளோடு ஓட வேண்டும் என்பது விதி. ‘பால்டர்ஸ் கேட் 3’ பிஎஸ்5-ல் 2023 செப்டம்பரில் வந்துவிட்டது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி சின்னப் பெட்டியில் ஓடவில்லை என்பதால் எக்ஸ்பாக்ஸ்காரர்கள் டிசம்பர் வரை காத்திருந்தார்கள். கடைசியில் சீரீஸ் எஸ்-ஸுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள்.

பழையதைக் கைவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ‘கோதம் நைட்ஸ்’ பிஎஸ்4 பதிப்பை ரத்து செய்துவிட்டு 2022-ல் வந்தது, ஆனாலும் பிஎஸ்5-ல் நொடிக்கு 30 ஃபிரேமைத் தாண்டவில்லை. எதிர்த்திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. 2023-ல் புது கன்சோலுக்கு மட்டும் என்று வந்த ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்’, ஒன்றரை ஆண்டு கழித்து பிஎஸ்4-க்கும் இறக்கப்பட்டது. தலைக்கணக்குக்கு அவ்வளவு இழுப்பு.

இப்போது இதே நாடகம் நிண்டெண்டோவில். ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ புதியதற்கு மட்டும், ‘மெட்ராய்ட் பிரைம் 4’ இரண்டுக்கும்.

பிஎஸ்4 வைத்திருந்து, மாறலாமா என்று யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. பெரிய கேம்களின் கூடுதல் அத்தியாயங்கள் பழைய பெட்டியை முதலில் கழற்றிவிடும். ‘ஃபர்பிடன் வெஸ்ட்’ பிஎஸ்4-ல் ஓடும், அதன் தொடர்ச்சியான ‘பர்னிங் ஷோர்ஸ்’ ஓடாது. ஆண்டுதோறும் வரும் விளையாட்டு கேம்களும், கூட்டம் சேர்ந்து ஆன்லைனில் ஆடுபவையும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஆடுவது அவை மட்டும்தான் என்றால் அவசரமில்லை. ‘ஜிடிஏ 6’-க்காகக் காத்திருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை, அது புது கன்சோல்களுக்கு மட்டும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வாங்குவதென்று முடிவானால், கையில் பிஎஸ்4 டிஸ்க்குகள் எத்தனை என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் பதிப்பு சில ஆயிரம் குறைவு என்று அதை எடுத்தால், அந்த டிஸ்க்குகளில் ஒன்றும் அதில் ஓடாது, அவற்றுக்குரிய பிஎஸ்5 மேம்பாடும் கிடைக்காது. 2023-ல் வந்த மெலிந்த மாடலாக இருந்தால் பிறகு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதற்கு முந்தைய டிஜிட்டல் மாடலில் அந்த வழியும் கிடையாது.